உழாமல் விட்ட தடம்

யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த ஊரில் நிலத்தை விரலால் அளப்பார்கள். வேலி அடைத்த நாளில் பக்கத்து வளவுக்காரர் கதியால் தடி ஒன்றைக் கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டார் என்று என் ஐயா கோட்டுக்குப் போனார். அந்தக் கதியால் பட்டுப்போன பிறகும் வழக்கு மட்டும் தளிர்த்துக்கொண்டே இருந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். எங்கள் வேலியில் ஓணானையும் இரண்டு கட்சியாகப் பிரித்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த என்னை, ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரம் வயல் செய்துகொண்டிருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

வந்த புதிதில் அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வயலைக் காட்டினார். நடுவயலில், கறுத்த நல்ல மண்ணில், ஒரு வண்டில் போகிற அகலத்துக்கு நெடுக ஒரு துண்டு உழாமல் கிடந்தது. வயலைவிடக் கொஞ்சம் மேடாக, புல்லு மட்டும் வெட்டித் துப்புரவாக இருந்தது.

"இதென்ன, இதை உழ மறந்துபோனியளோ?" என்று கேட்டேன்.

"அது தடம்," என்றார்.

"என்ன தடம்?"

"மடுவுக்குப் போற வண்டில் தடம். எங்கடை ஆக்கள் காடு வெட்டி வயலாக்க முதலே கிடக்குது."

அவ்வளவுதான் விளக்கம். என் வீட்டுக்காரரிடம் ஒரு கதையைப் பிடுங்குவதும் முதிரைக் கட்டையில் ஆணி பிடுங்குவதும் ஒன்று. தடத்தின் ஒரு அந்தத்தில் பாறை. அதிலே வண்டிலின் இரும்புப் பட்டம் ஓடி ஓடி, சாண் ஆழத்துக்கு இரண்டு சில்லுத் தடம் விழுந்திருந்தது. நான் குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். பளிங்கு மாதிரி வழுவழுப்பாக இருந்தது. நடுவில் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கிக் கல், அதன் பக்கத்தில் கல்லுக் கட்டிய சின்னத் தண்ணீர்த் துரவு. மற்ற அந்தத்தில், காடு தொடங்குகிற இடத்தில், ஒரு பெரிய பாலை மரமும் அடியில் ஒரு கல்லும். இவ்வளவையும் இந்த மனிதர் பிள்ளைப்பேற்று வீட்டைப் பார்க்கிறது மாதிரிப் பார்த்துக்கொண்டார். மழைக்குச் சரிந்த கல்லைத் தூக்கி நிமிர்த்துவார். துரவைச் சேறு அள்ளி இறைப்பார். சில்லுத் தடத்துக்குள் மண் விழுந்தால் தும்புத்தடியால் கூட்டுவார். தும்புத்தடியால்! என் குசினியைக் கூட்ட அந்த வீட்டில் வேறு தும்புத்தடி கிடையாது.

அந்தத் தடத்தால் ஆர் வருவார்கள் என்பதை வந்த வருஷமே கண்டேன். ஆடி கடைசியில் மடுமாதா கோயில் திருவிழா. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வேதக்காரச் சனம் வண்டில் கட்டிக்கொண்டு காட்டுக்குள்ளால் வரும். எங்கள் வயல் அப்போது வெட்டி முடிந்து காய்ந்து கிடக்கும். மாட்டு மணிச் சத்தம் முதலில் கேட்கும், பிறகு பாட்டு, பிறகு கருவாட்டு மணம். துரவடியில் மாட்டை அவிழ்த்து, அடுப்பு மூட்டி, குளித்து, ஒரு நாள் தங்கிப் போவார்கள். "என்ன பிள்ளை, யாழ்ப்பாணமோ? கதையிலையே தெரியுது, வாயைத் திறந்தால் வேலி அடைக்கிறீர்" என்று ஒரு கடற்கரை மனிசி என்னைப் பகிடி பண்ணினாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் தந்த சீலாக் கருவாட்டை வாங்காமல் விடவில்லை.

அவர்கள் புறப்படும்போது பாலை மரத்தடியில் வண்டிலை நிறுத்துவார்கள். ஆளுக்கொரு குழை முறித்து அந்தக் கல்லடியில் வைத்துவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். யானையும் கரடியும் வழிவிட வேண்டுமே. வன்னியில் இது எல்லாருக்கும் உள்ள வழக்கம். காட்டு வழி போகிறவன் குழை வைக்காமல் போகமாட்டான். எங்கள் ஆட்கள் அந்தக் கல்லைப் பிள்ளையார் என்பார்கள். கடற்கரைச் சனம் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு மாதாவே என்று வைக்கும். கல் ஒருவரிடமும் சமயம் கேட்டதில்லை. திருவிழாவுக்கு முன் என் வீட்டுக்காரர் பழைய சருகுக் குழையெல்லாம் கூட்டி எரித்துக் கல்லடியை வெறுமையாக்கி வைப்பார். திருவிழா முடிய அங்கே பச்சையாக ஒரு குவியல் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறபோது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

இந்தத் தடத்துக்கு ஒரு பகையாளி இருந்தார். அவர் இவருடைய ஒரேயொரு தமையன், எனக்குப் பெரியத்தான்.

காணி தகப்பன் வழிக் காணி, பங்கு பிரிக்கவில்லை. தடத்துக்கு மேலே உள்ள பாதியை நாங்கள் செய்தோம், கீழே உள்ள பள்ளக்காணியைப் பெரியத்தான் செய்தார். குளத்துத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்து, நடுவில் மேடாகக் கிடந்த தடத்தைக் கடக்க முடியாமல், பாறையைச் சுற்றி வளைந்து பள்ளக்காணிக்குப் போக வேண்டும். மழை குறைந்த வருஷத்தில் கதிர் வெளியே வருகிற நேரம் பார்த்து அவருக்குத் தண்ணீர் நூலாகிவிடும். தடத்தை வெட்டி உழுது மட்டப்படுத்தினால் தண்ணீர் நேரே பாயும். பெரியத்தான் கேட்டதில் என்ன பிழை? நான் அவர் பக்கம்தான். ஒளிக்கவில்லை, விறாந்தையில் எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, வருஷத்திலை ஒரு நாள் வாற வண்டிலுக்கு வருஷம் முழுக்க ஒரு வயலைத் தரிசாய்ப் போடுவினமோ? எங்கடை ஊரிலை சொன்னால் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும்," என்றார்.

ஒரு நாள் மட்டும், நான் விடாமல் பேசித் துளைத்த பிறகு, காரணத்தைச் சொன்னார். நடுங்கு காய்ச்சல் ஊரூராகத் தின்ற வருஷம். அப்போது இவர் முலைப்பால் குடிக்கிற பிள்ளை. தகப்பன் அந்தக் காய்ச்சலில்தான் போனார். தாயும் பாயோடு கிடந்தா. வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த நேரம் தடத்தால் வந்த ஒரு மடு வண்டில், புகை இல்லாத வீட்டைக் கண்டு நின்றது. அதில் வந்த ஒரு மனிசி இறங்கிக் கஞ்சி காய்ச்சி, தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பருக்கி, தாய் எழும்பி உட்காரும்வரை அங்கேயே நின்றாளாம். அவர்களுக்கு அந்த வருஷம் திருவிழா இல்லை. "அம்மா சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவா," என்றார். "அந்த வண்டிலுக்கு வழி இல்லாட்டில் நான் இல்லை."

நான் பெரியத்தானிடம் போய் இது உண்மையா என்று கேட்டேன். அவர் அப்போது ஐந்தாறு வயதுப் பிள்ளை, ஞாபகம் இருக்க வேண்டும். அவர் சுருட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அம்மா கூட்டிச் சொல்லுறவா. எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை" என்றார். பிறகு கதையை மாட்டு வாத நோய்க்கு மாற்றிவிட்டார்.

இதற்குள் காலம் மாறிற்று. ஒட்டுசுட்டான் றோட்டுக்குத் தார் வந்தது, பஸ் வந்தது. வண்டில்கள் குறையத் தொடங்கின. ஒரு வருஷம் நிறைய, அடுத்த வருஷம் கொஞ்சம், அதற்கடுத்த வருஷம் ஒரேயொரு வண்டில், அதிலும் கிழடுகள். அவர்களும் பஸ் ஆட்டத்துக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருமென்று பயந்து வண்டிலில் வந்தவர்கள். அறுபதுகள் பிறந்த பிறகு ஒரு ஆனி மாதம் பெரியத்தான் எங்கள் விறாந்தைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"தம்பி, நான் அநியாயம் கேக்கேல்லை. வழி எண்டால் ஆள் போகவேணும். இந்த முறை நீ கல்லடியைக் கூட்டி வை. முதல் மழை விழுமட்டும் பாப்பம். அதுக்குள்ளை ஒருத்தர் வந்து ஒரு குழை வைச்சால் சரி, நான் இனி வாய் திறக்கமாட்டன். வைக்காட்டில் நான் வந்து உழுவன், நீ மறிக்கக் கூடாது."

"ஓம்," என்றார் இவர்.

"நீ வைக்கக் கூடாது. உன்ரை பெண்சாதியும் வைக்கக் கூடாது."

"நான் ஏன் வைக்கிறன்?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "நீங்கள் உழுகிற அண்டைக்கு நான்தான் முதல் தேத்தண்ணி ஊத்துவன்."

பெரியத்தான் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

ஆடி வந்தது. இவர் கல்லடியைக் கூட்டினார், துரவை இறைத்தார், சில்லுத் தடத்தைக் கூட்டினார். பாலைப்பழம் விழுந்து மரத்தடி பிசுபிசுத்துக் கிடந்தது, அதையும் கூட்டினார். பிறகு ஒவ்வொரு நாளும் துரவுக் கட்டில் போய் இருந்தார். ஒரு நாள் மணிச் சத்தம் கேட்டு எழும்பி ஓடினார். விறகு ஏற்றிய வண்டில் ஒன்று, றோட்டோடு திரும்பிப் போய்விட்டது.

திருவிழாவுக்கு முதல்நாள் தார் றோட்டால் லொறி லொறியாகச் சனம் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் றோட்டுக் கரையில் நின்றோம். ஒரு லொறி எங்களைக் கண்டதும் நின்றது. மேலே என்னைப் பகிடி பண்ணிய அதே மனிசி, தலை நரைத்து, பல்லும் போய், ஆனால் வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"யாழ்ப்பாணத்தாள்! வேலி அடைச்சு முடிஞ்சுதோ?" என்று கத்தினாள். ஒரு பொட்டலம் கருவாட்டைக் கீழே நீட்டினாள். இவர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுச் சொன்னாள்: "உங்கடை துரவுத் தண்ணியின்ரை ருசி வேறை மகன். பெடியள் லொறி பிடிச்சிட்டாங்கள், நான் என்ன செய்ய? வாற முறை பாப்பம்." டிறைவர் கோர்ன் அடித்தான். லொறி போயிற்று.

எனக்கு விசர் வந்தது. "ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே! இறங்கி வந்து ஒரு குழை வைச்சிட்டுப் போங்கோ எண்டால் அவள் வராமல் விடுவாளோ? கூப்பிடு தூரம்!"

"கேட்டு வைப்பிக்கிறதோ குழை?" என்றார். "போறவைக்குத் தோன்றவேணும்."

அந்த மனிதருக்காக நான் ஏன் பதைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தடம் போனால் வயல் வரும், அதைத்தானே நான் விரும்பினேன்? ஆனாலும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உப்புக் கூடிய கருவாடு என்று சொல்லிச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன்.

திருவிழா முடிந்தது. லொறிகள் திரும்பி வந்தன, நிற்கவில்லை. ஆவணி முழுக்க வெயில். கல்லடி வெறுமையாகக் கிடந்தது. காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறவர்கள்கூட இப்போது றோட்டுப் பக்கத்தால்தான் இறங்கினார்கள். இவர் துரவடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். புரட்டாதியில் ஒரு பின்னேரம் வானம் இருண்டு, மண் வாசம் கிளம்பி, மழை கொட்டித் தீர்த்தது. இவர் விறாந்தையில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தக் கமக்காரனும் முதல் மழையை அந்த முகத்தோடு பார்த்திருக்கமாட்டான்.

விடிய மழை வெளித்திருந்தது. பெரியத்தான் சொன்னபடி வந்தார், கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு, மாட்டுச் சோடியை முன்னே விட்டுக்கொண்டு. மழைக்குப் பாறை வழுக்கிக் கிடந்ததால் அந்தப் பக்கத்தால் மாடு இறக்க முடியாது. ஆகவே காட்டோரம் சுற்றி, பாலை மரத்தடியால் வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்து நான் கண்டதே இல்லை. இவர் தடத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், மறிக்கவில்லை. நான் வாக்குக் கொடுத்தபடி தேத்தண்ணிக் கேத்தலோடு நின்றேன்.

மரத்தடிக்கு வந்ததும் பெரியத்தான் மாட்டை நிறுத்தினார். கலப்பை தோளில் இருந்தபடியே, பக்கத்துப் பற்றையில் கையை நீட்டி ஒரு குழை முறித்தார். குனிந்து கல்லடியில் வைத்தார். நிமிர்ந்து, "ஹை" என்று மாட்டைத் தட்டித் தடத்தில் இறக்கினார். கலப்பையை இறக்கி நுகத்தை எடுத்தார்.

நான் இவரைப் பார்த்தேன். இவரும் கண்டுவிட்டார், கண்கள் கல்லடியிலேயே நின்றன. ஆனால் வாய் திறக்கவில்லை. தமையனின் வாயைத் தமையனின் கையாலேயே அடைக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். எனக்கு ஏது அந்தப் பொறுமை!

"நில்லுங்கோ பெரியத்தான்!" என்று கத்தினேன். "இப்ப அதிலை என்ன வைச்சனீங்கள்?"

அவர் திரும்பிப் பார்த்தார். வெறும் கல்லடியில் ஒரேயொரு பச்சைக் குழை, மழைத்தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு நுகத்தை நிலத்தில் போட்டார்.

"நீங்கள்தானே சொன்னனீங்கள், அவரும் வைக்கக் கூடாது, நானும் வைக்கக் கூடாது எண்டு," என்றேன். "உங்களை ஆரும் தள்ளி வைக்கேல்லையே?"

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் சுமைதாங்கிக் கல்லில் போய் இருந்தார். மாடுகள் தடத்துப் புல்லை மேயத் தொடங்கின.

"அம்மா உனக்குக் கஞ்சிக் கதையை மட்டும்தான் சொன்னவா," என்றார் கடைசியில், தம்பியைப் பார்த்து. "ஐயாவைக் கொண்டுபோனதும் இந்தத் தடத்தாலைதான். ஊரிலை தூக்க ஒரு ஆம்பிளை நிமிர்ந்து நிக்கேல்லை. அந்தக் கடற்கரை ஆக்கள்தான் தங்கடை வண்டிலிலை ஏத்தினவை. கொள்ளி வைக்க நான் போனனான். இந்த மரத்தடியிலை அந்த மனிசி என்னை நிப்பாட்டி, ஒரு குழையை முறிச்சுக் கையிலை தந்துது. வை ராசா, அப்புவுக்கு வழித்துணை எண்டுது. வைச்சன். பிறகு காட்டுக்குள்ளை கொண்டுபோய் எரிச்சம்."

இவர் கட்டிய கையை அவிழ்த்துவிட்டுத் தமையனுக்குக் கிட்ட வந்தார்.

"அதுக்குப் பிறகு இந்த மரத்தடிக்கு வந்தால் என்ரை கை தன்ரை பாட்டிலை முறிக்குது. அதுதான் நான் இந்தப் பக்கமே வாறேல்லை. உழுது மண்ணைப் பிரட்டிவிட்டால் எல்லாம் போயிடும் எண்டு நினைச்சன். தண்ணி ஒரு சாட்டு."

என் வீட்டுக்காரர் அழுதார். சத்தமில்லாமல் அல்ல, பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். தன் தகப்பன் எந்த வழியால் போனார் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் முகமே அறியாத தகப்பன். நான் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றேன்.

"அழாதையடா. மாட்டைப் பிடி," என்றார் பெரியத்தான். இரண்டு பேருமாக மாட்டைத் தடத்திலிருந்து இறக்கினார்கள். அன்றைக்குப் பள்ளக்காணியைத்தான் உழுதார்கள், அண்ணனும் தம்பியும் சேர்ந்து.

இதோடு எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அந்தக் காலபோகப் பயிருக்கு மழை பாதியில் ஏமாற்றிவிட்டது. குளத்தில் தண்ணீர் இல்லை. கதிர் வெளியே வருகிற நேரம் இவர் என்னைக் கேட்காமல் எங்கள் வரம்பு வாயை மண் போட்டு அடைத்து, இருந்த தண்ணீரையெல்லாம் பாறையைச் சுற்றிப் பள்ளக்காணிக்கு விட்டார். பள்ளக்காணி தப்பிற்று. எங்கள் வயல் பாதிக்குப் பாதி பதர். சூடடித்துத் தூற்றின அன்றைக்கு, காற்றில் பதராய்த்தான் பறந்தது. நான் சும்மா இருக்கவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை களத்தில் நின்று இவரை ஏசினேன், குளத்தை ஏசினேன், மடுவுக்குப் போன லொறியையும் ஏசினேன். இவர் சுளகைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னேரம் பெரியத்தான் தன் களத்திலிருந்து ஒரு மூட்டை நெல்லைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து எங்கள் விறாந்தையில் இறக்கினார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"பிள்ளை," என்றார், "நீர் ஏசினது எனக்கும் கேட்டது. நியாயம்தான். நாங்கள் ரண்டு பேரும் எங்கடை மனசுக்காக உம்முடைய சோத்திலை கை வைக்கிறம். நீர் சொன்னால் நாளைக்கே உழுகிறன். சத்தியமாய். தம்பியும் மறிக்கமாட்டான்."

கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தைக்காக நான் வாய் ஓயாமல் சண்டை பிடித்திருக்கிறேன். கொழுத்த துண்டு, வருஷத்துக்கு எத்தனையோ மூட்டை. ஒரு கதியாலுக்குக் கோடேறிய மனிதரின் மகள் நான். "உழுங்கோ" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணுக்கு முன்னால் அந்த வயல் வரவில்லை. ஒரு வண்டிலின் பின்னால் கொள்ளிக் குடத்தோடு நடந்து போகிற ஒரு சின்னப் பிள்ளைதான் வந்தது. அந்தப் பிள்ளை இப்போது நரைத்த தலையோடு, மூட்டை சுமந்த கழுத்தைத் தடவிக்கொண்டு, என் முன்னால் பதிலுக்கு நின்றது.

"உங்கடை ஐயா போன வழியிலை கலப்பை வைக்கச் சொல்ல நான் ஆர்?" என்றேன். "பேய்க்கதை கதையாமல் இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்."

அவர் கதிரையில் இருந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். எப்போதும் றோட்டைச் சுற்றித்தான் தன் வீட்டுக்குப் போகிறவர், அன்றைக்குத் தடத்தால் இறங்கி நடந்து போனார்.